எதிர்கொண்டு அழைக்கும் சித்திரைத் திருவிழா!

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஆனாலும் அந்த நாள்களில் மதுரைக்காரர்கள் யாரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. தெருவுக்குத் தெரு பந்தல், பானை பானையாக நீர்மோர், பானகம்... வருகிறவர் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. 'வாங்க, குடிச்சிட்டுப் போங்க!' என்ற குரல்தான் எங்கும் கேட்கும்.

அன்னை மீனாட்சியின் திருக்கல்யாணமும், கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் வைபவமும் சேர்ந்ததுதான் மதுரைச் சித்திரைத் திருவிழா. ஒன்று சைவம், மற்றொன்று வைணவம். இந்த இரண்டு விழாக்களையும் இணைத்து நிற்கும் தத்துவம் ஒன்று உண்டு. 'வருபவரை எதிர்கொண்டு வரவேற்பது' என்பதே அது. எப்படி என்று பார்ப்போமா?

இரண்டு விழா ஒன்றான கதை

மதுரையில் தேர் ஓடும் வீதிகளுக்கு மாசி வீதிகள் என்று பெயர். சித்திரையில் தேர் ஓடும் வீதிக்கு ஏன் மாசி என்று பெயர்? முற்காலத்தில் அன்னையின் திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில்தான் நடைபெற்றன என்பர். அழகரோ சித்திரையில், சோழவந்தான் அருகே உள்ள தேனூருக்குச் சென்று வைகையில் எழுந்தருளிக் கொண்டிருந்தார்.

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர்தான் மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகரையும் மதுரை வைகைக்கு எழுந்தருளச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அறுவடை முடிந்து கிராமத்து மக்கள் ஓய்வாக இருக்கும் காலம் சித்திரை. வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். தேர் இழுக்க ஆயிரமாயிரம் கைகள் கிடைக்கும். சைவரும் வைணவரும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் கூடுவார்கள்.

தேனூர் மக்களின் உரிமையும் விட்டுப்போகவில்லை. இன்றைக்கும் வண்டியூர் வைகைக் கரையில் அழகர் எழுந்தருளும் மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர்!

முதலில் செங்கோல்... பிறகு மாலை!

மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேற்றத்துடன் தொடங்கும் விழா 12 நாள்கள் நடைபெறும். எட்டாம் நாள் பட்டாபிஷேகம். வேப்பம்பூ மாலை சூட்டி, ராயர் கிரீடம் அணிவித்து, அன்னையின் திருக்கரத்தில் செங்கோல் அளிப்பார்கள். வேப்பம்பூ பாண்டியர்களின் குலப் பூ. அன்று முதல் ஆவணி வரை மதுரையில் அன்னையின் ஆட்சி! ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் பட்டம் ஏற்பார்.

ஒன்பதாம் நாள் திக்விஜயம். எட்டுத் திக்குப் பாலகர்களையும் வென்ற தடாதகைப் பிராட்டியார், கயிலையில் ஈசனைக் கண்டதும் நாணித் தலைகுனிந்ததை நினைவூட்டும் நிகழ்ச்சி. பத்தாம் நாள் திருக்கல்யாணம். பதினோராம் நாள் மாசி வீதிகளில் தேரோட்டம். பெரிய தேரில் பிரியாவிடையுடன் சுந்தரேஸ்வரர் வர, சிறிய தேரில் அன்னை மீனாட்சி தனியே பவனி வருவாள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அரசியாகச் செங்கோல் ஏந்திய பிறகுதான் அன்னை மணமாலை ஏற்கிறாள். பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் அவசியம் சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

அழகர் தாமதமாக வந்தாரா?

'தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்ட அழகர், வந்து சேருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. கோபத்தில் ஊருக்குள் வராமல் வைகையில் இறங்கி வண்டியூர் போய்விட்டார்' என்று ஒரு கதை உண்டு. பாட்டிமார்கள் பேரன் பேத்திகளுக்கு ஆசையாகச் சொல்லும் கதை. அண்ணன்-தங்கை பாசத்தை நம் வீட்டு விசேஷம் போலவே நெருக்கமாக்கிவிடும் கதையும்கூட.

ஆனால், கோயில் நடைமுறையைப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து தெய்வானையோடு முருகப் பெருமான் வருகிறார். அங்கிருந்தே பவளக்கனிவாய்ப் பெருமாளும் எழுந்தருளுகிறார். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுப்பவர் இந்தப் பெருமாள்தான். ஆக, அண்ணன் சரியான முகூர்த்தத்துக்கு வந்து, தம் கடமையை நிறைவேற்றி விடுகிறார்!

அப்படியானால் கள்ளழகர் எதற்காக வருகிறார்? அதற்குத் தல வரலாறு சொல்லும் காரணம், மண்டூக மகரிஷி.

சுதபஸ் என்றொரு முனிவர் அழகர்மலையில் நூபுர கங்கைத் தீர்த்தத்தில் நீராடித் தவத்தில் இருந்தார். அப்போது துர்வாச முனிவர் அங்கே வந்தார். சுதபஸ் கவனிக்கவில்லை, எழுந்து வரவேற்கவில்லை. சினம் கொண்ட துர்வாசர், 'தவளையாகப் போவாயாக!' என்று சபித்துவிட்டார். மண்டூகம் என்றால் தவளை. சுதபஸ் விமோசனம் வேண்ட, 'வைகைக் கரையில் தவம் செய். அழகர் வந்து அருள்வார்' என்றார் துர்வாசர். அந்தப் பக்தனுக்காகத்தான் பெருமாள் மலையை விட்டு இறங்கி வருகிறார்.

சுதபஸ் முனிவர் செய்த பிழைதான் என்ன? பொய் சொல்லவில்லை; யாரையும் துன்புறுத்தவில்லை. இறைவனை நினைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால், வாசலுக்கு வந்தவரை 'வாருங்கள்' என்று அழைக்கத் தவறிவிட்டார். பூஜையில் இருந்தாலும் வந்தவரைக் கவனிக்காமல் இருந்துவிடக் கூடாது என்று நமக்கு உணர்த்தும் கதை அல்லவா இது!

ஊரே செய்யும் உபசாரம்

முனிவர் தவறவிட்ட அந்த ஒரு வரவேற்பை, மதுரை மக்கள் ஆண்டுதோறும் பல்லாயிரம் மடங்காகச் செய்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அழகர்கோவில். பதினெட்டாம்படி கருப்பண்ண சுவாமியிடம் விடைபெற்று, கள்ளர் திருக்கோலத்தில், தங்கப் பல்லக்கில் அழகர் புறப்படுவார். வழிநெடுக நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். ஒவ்வொரு சமூகத்தாரும், ஊராரும், குடும்பத்தாரும் 'எங்கள் இடத்தில் ஒரு நிமிடம் தங்கிப் போக வேண்டும்' என்று காத்திருப்பார்கள். மூன்றுமாவடியில் நடப்பதற்குப் பெயரே எதிர்சேவை! வருகிறவரை எதிரே சென்று அழைத்து வருவது.

அன்றிரவு தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் திருமஞ்சனம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிக்களைந்த மாலையை அழகர் ஏற்றுக்கொள்வார். சித்ரா பௌர்ணமி அதிகாலையில் தங்கக் குதிரையில் வைகைக்கு எழுந்தருளுவார். ஆற்றிலும் ஒரு வரவேற்பு உண்டு. வெள்ளிக் குதிரையில் வீரராகவப் பெருமாள் வந்து எதிர்கொள்வார்.

பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. பெண்கள் செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் மூடி, அதன் மேல் சூடம் ஏற்றிக் காட்டி வணங்குவார்கள். பிறகு அந்தச் சர்க்கரையைச் சுற்றியிருப்பவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் இல்லத்தில் தங்கிச் செல்கிறார் என்றும் மக்கள் சொல்வதுண்டு. மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக மகரிஷிக்குச் சாப விமோசனம். இரவில் தசாவதாரக் காட்சி. அடுத்துப் பூப்பல்லக்கு. பிறகு மலைக்குத் திரும்புவார்.

உபசாரம் எப்போது அபசாரம் ஆகும்?

வெயிலில் வரும் பெருமாளைக் குளிர்விக்க, தோப்பறை என்னும் ஆட்டுத்தோல் பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவது பழைய நேர்த்திக்கடன். சமீப காலங்களில் சிலர் விசைப் பம்புகளால் வேகமாக அடிக்கிறார்கள். நீரில் வேதிப்பொருள்களையும் கலக்கிறார்கள். நூபுர கங்கை நீரைத் தவிர வேறு நீரால் திருமஞ்சனம் செய்தால் உற்சவர் திருமேனி கறுத்துவிடும் என்று எண்ணி, மலையிலிருந்தே தீர்த்தம் கொண்டுவருவது அழகர்கோவில் மரபு. அப்படிப்பட்ட திருமேனி மீதும், பல்லக்கு சுமப்பவர்கள், குழந்தைகள் மீதும் இந்த நீர் படலாமா?

2022-ம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று அழகர் வைகையில் எழுந்தருளியபோது, கூட்ட நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். கோவிட் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பக்தர்கள் கூடாமல் விழா கோயிலுக்குள்ளேயே நடந்து, பிறகு மக்கள் ஆவலோடு திரண்ட ஆண்டு அது. முண்டியடித்துப் பார்ப்பதைவிட, பக்கத்தில் நிற்கும் முதியவருக்கு வழிவிடுவதும் அழகருக்குச் செய்யும் சேவைதான். குழந்தைகளையும் பெரியவர்களையும் ஆற்றுக்குள் அழைத்துச் செல்லாமல், மண்டகப்படிகளில் நிதானமாகத் தரிசிக்கச் செய்யலாமே!

காஞ்சனமாலை சொல்லும் பாடம்

திருக்கல்யாண வேளையில் சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். பக்தர்கள் உறவினர் போல மொய் எழுதுவதும், சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடப்பதும் மதுரைக்கே உரிய அழகு.

ஆனால், பல வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். அந்த மங்கல நேரத்தில் கணவரை இழந்த அம்மாவோ, அண்ணியோ மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள்... இருங்கள் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்!

திருவிளையாடல் புராணம் என்ன சொல்கிறது? மகளுக்கு முடிசூட்டிய பிறகு மலயத்துவச பாண்டியன் விண்ணுலகு எய்திவிட்டார். அதற்குப் பிறகுதான் திக்விஜயமும் திருமணமும். உலகமே கொண்டாடும் அந்தக் கல்யாண வீட்டில் மணமகளின் தாயாக இருந்தவள், கணவரை இழந்த காஞ்சனமாலை! பின்னர் அவள் கடலாட ஆசைப்பட்டபோது, மருமகனாகிய சொக்கநாதர் ஏழு கடல்களையும் மதுரைக்கே வரவழைத்தார். மலயத்துவசனையும் விண்ணுலகிலிருந்து அழைத்து வந்தார். கோயிலுக்குக் கிழக்கே உள்ள ஏழுகடல் தெரு இன்றும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாமியாரின் மனக்குறையைக் கேட்டுத் தீர்த்து வைத்தவர் ஈசன். அவருடைய கல்யாண நாளில் நம் வீட்டுக் காஞ்சனமாலைகளை ஒதுங்கி நிற்க விடலாமா?

வீட்டிலேயே கொண்டாடுவோம்

மதுரைக்குப் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆண்டுதோறும் பஞ்சாங்கப்படி நாள்கள் மாறும் என்பதால், கோயில் அறிவிப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

* பட்டாபிஷேக நாளில் வீட்டுப் பெண் குழந்தைகளை அருகில் அமர்த்தி, தடாதகைப் பிராட்டியார் கதையைச் சொல்லுங்கள்.

* திருக்கல்யாணத்தன்று வாசலில் கோலமிட்டு, மாவிலை கட்டி, மீனாட்சி-சுந்தரேஸ்வரர் படத்துக்குப் பூச்சூட்டி விளக்கேற்றுங்கள். தொலைக்காட்சி நேரலையில் மாங்கல்யதாரணம் நடக்கும்போது, அவரவர் குடும்ப வழக்கப்படி தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளலாம். புதியதைக் கட்டிக்கொண்ட பிறகே பழையதைக் கழற்ற வேண்டும் என்பார்கள் பெரியோர்.

* பாயசம் நிவேதனம் செய்து, வீட்டில் மூத்த பெண்மணிக்கு முதலில் கொடுத்து ஆசி பெறுங்கள். அவர் கணவரை இழந்தவராக இருந்தால், கையைப் பிடித்து அழைத்து வந்து பூஜையறை முன் உட்கார வையுங்கள்.

* சித்ரா பௌர்ணமியன்று சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றி அழகரை வணங்கி, அந்தச் சர்க்கரையை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள். தபால்காரர், காய்கறி விற்பவர், வீட்டு வேலைக்கு வருபவர் என்று வாசலுக்கு வரும் எல்லோருக்கும் அன்று ஒரு டம்ளர் நீர்மோர் கொடுக்கலாம்.

வருகிறவரை வரவேற்கத் தவறியதால் ஒரு முனிவர் தவளையானார். அவருக்காகவே மலையிறங்கி வந்த பெருமாளை, ஒரு நகரமே எதிர்கொண்டு அழைத்து மகிழ்கிறது. இந்தச் சித்திரையில் நம் வாசலுக்கு யார் வந்தாலும், நம் வீட்டுக்குள்ளேயே யார் ஒதுங்கி நின்றாலும், 'வாங்க' என்று மனதார அழைப்போம். அன்னை மீனாட்சியும் கள்ளழகரும் நம் இல்லம் தேடி வந்து அருள்புரிவார்கள்!