காலி டிரம்மும் கருப்பு ஆயிலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"காலி டிரம்தானே, கழுவினால் போச்சு!"

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர், மாத்தூர், விராலிமலை என்று இந்த வட்டாரமே வானம் பார்த்த பூமி. தண்ணீர் வரும்போது பிடித்து வைக்க வேண்டும். அதற்கு வாகானது 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம். புதுசாக வாங்குகிறவர்கள் குறைவு. வண்டியில் கொண்டு வருகிறவரிடமோ காயலான் கடையிலோ பழையதை வாங்கி, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டால் சுத்தம் என்று நினைக்கிறோம்.

அபாயகரமான கழிவுகள் பற்றி 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின் முதல் அட்டவணையில் 33.1 என்று ஓர் எண் இருக்கிறது. அபாயகரமான ரசாயனம் பட்ட காலிப் பேரல்களும் கலன்களும் அந்த எண்ணின் கீழ் வருகின்றன. உள்ளே சொட்டுக்கூட இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அந்த டிரம்மே கழிவு. அடுத்த எண் 33.2, ரசாயனமோ எண்ணெயோ துடைத்த துணியும் பஞ்சும். பட்டறைகளில் 'பனியன் வேஸ்ட்' என்று கூடையில் கிடக்குமே, அதுதான். பட்டறையைக் கூட்டிப் பெருக்கிக் கடைசியில் கொளுத்திவிடுகிற குப்பையில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

இது சட்டத்தின் வீண் கெடுபிடி இல்லை. தின்னர் போன்ற கரைப்பான்கள் பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே ஊறிவிடும். மேலே தேய்க்கிற சோப்பு அங்கே போகாது. பிறகு நாள் கணக்கில் தண்ணீர் நிற்கும்போது மெல்லக் கசியும். எல்லா டிரம்மும் அப்படி என்று பயமுறுத்தவில்லை. பழக்கூழும் சமையல் எண்ணெயும்கூட இதே நீல டிரம்மில்தான் வருகின்றன. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று விற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லையென்றால் அது குடிதண்ணீருக்கு ஆகாது. அபாயகரமான கழிவை வைத்திருக்கும் கலனில் பளீரென்ற மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில், உள்ளூர் மொழியிலும் சேர்த்து, கழுவினால் போகாத லேபிள் இருக்க வேண்டும் என்பது விதி. லேபிளைச் சுரண்டி எடுத்த தடம் தெரிகிற டிரம்மை வாங்காமல் இருப்பதே நல்லது.

வயலுக்கும் இது பொருந்தும். மருந்தடித்த டப்பாவை மறுபடி யாரும் எடுத்துப் புழங்க முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு எட்டப் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. நாமோ அதைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தவர்கள்.

"நெடி இல்லை, புகை இல்லை, அப்புறம் என்ன அபாயம்?"

சட்டம் மூக்கை நம்புவதில்லை. அது இரண்டு கேள்விகள் கேட்கிறது. எந்த வேலையில் வந்த கழிவு? அதற்கு முதல் அட்டவணை. அதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது? அதற்கு இரண்டாம் அட்டவணை. கழிவிலிருந்து சோதனைச் சாலையில் வடித்தெடுத்த நீரில் ஒரு லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராமை எட்டினாலோ பாதரசம் 0.2 மில்லிகிராமை எட்டினாலோ அது அபாயகரமானது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 2-க்குக் கீழும் 12.5-க்கு மேலும் போனாலும் அப்படியே. பார்வைக்கு வெறும் சேறாகவோ உடைந்த கண்ணாடியாகவோ இருக்கலாம்.

"கழிவு ஆயில் எல்லாம் ஒன்றுதான்!"

மெக்கானிக் கடையில் எல்லாமே கருப்பு ஆயில். விதியில் அவை இரண்டு இனம். இன்ஜினிலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் இறக்குகிற பழைய ஆயில், ஈயம், ஆர்சனிக் முதலியவை குறித்த அளவுக்குள் இருந்தால் மறுபடி சுத்திகரிக்கத் தகுந்தது. அதற்கென அங்கீகாரம் பெற்ற ஆலைகள் இருக்கின்றன. தொட்டியின் அடியில் தங்கிய கசடு, சிந்தி மண்ணோடு கலந்தது, தண்ணீரோடு சேர்ந்துபோனது போன்றவை கழிவு எண்ணெய் என்ற வேறு கணக்கில் வரும். முதல் வகையில் ஒரு வாளி தின்னரோ அமிலமோ ஊற்றிக் கலந்துவிட்டால், காசு தரும் சரக்கு காசு கொடுத்து அகற்ற வேண்டிய சரக்காக மாறிவிடும். திருச்சி பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த மாத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளுக்கு இது கைக்காசு விஷயம். செல் வராமலிருக்க வேலிக் கம்புக்கும் உத்தரத்துக்கும் கருப்பு ஆயில் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. இன்ஜின் தேய்மானத்தில் வந்த உலோகத் துகளும் அதோடு சேர்ந்து மண்ணுக்குப் போகிறது.

"விற்றாகிவிட்டது, இனி வாங்கினவன் பாடு!"

எல்லாவற்றிலும் பெரிய மூடநம்பிக்கை இதுதான். இதற்குப் பதில் கொடைக்கானலில் இருக்கிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனில் ஓடிய தெர்மாமீட்டர் ஆலை 1983-இல் கொடைக்கானலுக்கு வந்தது. பின்னால் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினார்கள். ஆலையின் கணக்கில் அது விற்ற சரக்கு, கடைக்காரருக்கு அது வெறும் கண்ணாடி. ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கண்ணாடிக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல்தான். அதற்கப்புறமும் ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு ஓயவில்லை.

இன்றைய விதி அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. கழிவை அனுப்பும்போது 'மேனிஃபெஸ்ட்' என்ற சீட்டு கூடவே போக வேண்டும். அதில் ஏழு நிறப் பிரதிகள். வெள்ளை மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மஞ்சள் லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியவர் வைத்துக்கொள்ள. நீலம், கழிவைப் பெற்றவரிடமிருந்து அனுப்பியவருக்கே திரும்பி வர. நீலச் சீட்டு கையில் இல்லையென்றால் கழிவு போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. தவறாகக் கையாண்டு பாதிப்பு வந்தால் அனுப்பியவர், பெற்று அகற்றுபவர் இருவரும் பொறுப்பு. இரும்புக் கடை ரசீது இந்த இடத்தில் செல்லாது.

"நம் இடத்திலேயே ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டும்!"

கழிவை வைத்திருக்க விதி தரும் தவணை பொதுவாக 90 நாள். ஆண்டுக்கு 10 டன் வரை உண்டாக்குகிற சிறு ஆலைகள் போன்ற சில இனங்களுக்கு வாரியம் நீட்டித்துத் தரலாம், அவ்வளவுதான். ஓரமாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. அங்கே மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல்.

கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்குப் போபால். யூனியன் கார்பைடு ஆலையின் 337 டன் கழிவை 2025-இல் பீதம்பூரில் எரித்தார்கள். சுண்ணாம்பும் மற்றதும் சேர்ந்து, எரித்ததைவிட அதிக எடைக்குச் சாம்பல் மிஞ்சியது. அந்தச் சாம்பலும் அட்டவணையில் உள்ள அபாயகரமான கழிவுதான். அதையும் பாதுகாப்பாகப் புதைத்தாக வேண்டும்.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும்: ஆஸ்பத்திரிக் கழிவு இந்த விதியில் வராது, அதற்குத் தனி விதி. 2024 டிசம்பரில் கேரளக் கழிவு நெல்லையில் கொட்டப்பட்டபோது பலரும் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். கதிரியக்கக் கழிவுக்கும் சாயப்பட்டறைத் தண்ணீருக்கும் வேறு வேறு சட்டங்கள். ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்தபின் தங்குகிற கசடு இந்த விதிக்குள் வந்துவிடும்.

"இதெல்லாம் கம்பெனிக்காரன் சமாச்சாரம்!"

உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் இருக்கும்: எரிந்துபோன டியூப் லைட், காலாவதி மாத்திரை, பெயின்ட் டப்பா, ரிமோட்டில் கழற்றிப் போட்ட பேட்டரி, சர்க்கரைக்காரர் போட்டுக்கொண்ட ஊசி. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் இவற்றை 'வீட்டு அபாயகரக் கழிவு' என்று பிரித்தன. தூய்மைக் காவலரிடம் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகக் கொடுப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். உடைந்த டியூப் லைட்டும் ஊசியும் வெறுங்கையோடு குப்பை கிளறும் அந்தக் காவலரின் விரலில்தான் முதலில் படுகின்றன. இவற்றைத் தனி டப்பாவில் போட்டு, இன்னது இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுத்தாலே பெரிய உபகாரம்.

ஆலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, அபாயகரமான பொருள்களையும் கழிவையும் கையாளும் ஆலைகள் அவற்றின் விவரத்தை வாசலில் பலகையாக வைக்க வேண்டும். மாத்தூருக்குப் போகும்போது நின்று படித்துப் பாருங்கள். பலகையே இல்லையென்றாலும், அதிலுள்ள கணக்கு வருஷக்கணக்காக மாறாமல் இருந்தாலும், புதுக்கோட்டையில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதலாம். அந்த ஆலை வாரியத்துக்கு அனுப்பிய ஆண்டுக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் செய்யலாம்.