கரண்டியைக் கொடுத்துவிட்ட கொத்தனார்

கேள்வி:

டாக்டர் ஐயா, நான் இருபத்திரண்டு வருசமா கொத்து வேலை பாக்குறேன். இப்ப மேஸ்திரி. என்கிட்ட பெரியாள் அஞ்சு பேர், சித்தாள் ஏழு பேர். மதுரைப் பக்கம் வீட்டு வேலைதான் எடுத்துச் செய்றோம்.

என் ஆள்ல ஒருத்தன், வயசு நாற்பத்தொண்ணு. பூச்சு வேலையில கெட்டிக்காரன். சீலிங் பூசுனா கண்ணாடி மாதிரி இருக்கும். வாய் அதுக்கு மேல. சைட்டுல எல்லாரும் அவனை 'நேசமணி'ன்னுதான் கூப்பிடுவோம். அவன் லீவு போட்டா அன்னைக்கு வேலையே ஓடாது.

ஒண்ணரை வருசத்துக்கு முன்னாடி சாரத்துல இருந்து விழுந்து வலது தோள்பட்டை போச்சு. கட்டுப் போட்டு நாலு மாசம் கழிச்சு வந்தான். கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. சரி, கிடக்கட்டும்னு கலவை போடுறது, செங்கல் நனைக்கிறது, க்யூரிங் தண்ணி விடுறதுன்னு கீழ் வேலை குடுத்தேன். சம்பளம் மட்டும் பழைய கொத்தனார் சம்பளமே குடுக்குறேன்.

இப்ப ரெண்டு மாசமா அவன் பேசுற ஜோக்கு ஒரு மாதிரியா இருக்கு. "என் காரியத்துக்கு எல்லாரும் லீவு போட்டு வரணும், மேஸ்திரி பேட்டா குடுத்துருவாரு"ங்கிறான். டீ குடிக்கையில, "இந்த டீக் காசை என் சாவுச் செலவுல எழுதிக்க"ங்கிறான். எல்லாரும் சிரிக்கிறோம். நானும்தான் சிரிச்சேன். போன வாரம் அவனோட கரண்டியை எங்க சின்னப் பையன் ஒருத்தன்கிட்ட குடுத்து, "வச்சுக்கடா, எனக்கு இனிமே எதுக்கு"ன்னுட்டான். பதினஞ்சு வருசமா அவன் கையில இருந்த கரண்டி. அதுக்கு மட்டும் யாரும் சிரிக்கல.

அவன் சம்சாரம் போன் பண்ணி, "ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே கிடக்காரு, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாருண்ணே"ன்னு சொல்லுது. நான் எப்படிக் கேக்குறது? கேட்டா அதையும் ஜோக்காக்கிருவான். பசங்க முன்னாடி கேட்டா அவனுக்கு மானக்கேடு. ரோசக்காரன். மனநல டாக்டர்னு சொன்னா மறுநாள்ல இருந்து வேலைக்கே வரமாட்டான்.

– ஒரு மேஸ்திரி, மதுரை மாவட்டம்

பதில்:

மேஸ்திரி, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே ஆசிரியர் குழுவிடம் சொல்லி உங்களுக்குப் போன் செய்ய வைத்தேன். அச்சில் வரும்வரை பொறுத்திருக்கக்கூடிய விஷயமில்லை இது. போனில் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இப்படி ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிற வேறு மேஸ்திரிகளும் இதைப் படிக்கட்டும்.

என்னை உலுக்கியது அந்தக் கரண்டி. என்னிடம் வரும் கொத்தனார்கள் சொல்லித் தெரிந்துகொண்டது இது: பிடி தேய்ந்து, நுனி தேய்ந்து, ஒருவன் கைக்கு வாகாகிவிட்ட கரண்டியை அவன் இரவல்கூடக் கொடுக்க மாட்டான். சாயங்காலம் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவான். அதை ஒருவன் சும்மா தூக்கிக் கொடுக்கிறான், அதுவும் 'எனக்கு இனிமே எதுக்கு' என்கிறான். பொத்திப் பொத்தி வைத்திருந்த பொருளைக் கொடுத்துவிடுவது, சாவைப் பற்றியே பேசுவது, தூக்கம் போவது, எரிந்து விழுவது, எல்லாம் ஒன்றாக வந்தால் நாங்கள் அதை ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்வோம். உங்கள் ஆட்கள் படிப்பு எதுவும் இல்லாமலே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால்தான் அன்று யாரும் சிரிக்கவில்லை.

முதலில் ஜோக்கைப் பற்றி. சிரிப்பைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்கிறவன் ஒவ்வொரு நிமிடமும் கீழே விழுவதைப் பற்றி யோசித்தால் கால் நடுங்கிவிடும். பயத்தைச் சிரித்துத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது. 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழுந்தது 2001-இல். 2019-இல் உலகமே அவருக்காகப் பிரார்த்தனை செய்கிறேன் என்று சமூக வலைத்தளங்களில் விளையாடியது. யோசித்துப் பாருங்கள், அது ஒரு பணியிட விபத்து. நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். வெயிலில் எட்டு மணி நேரம் பாண்டுச்சட்டி சுமக்கும் கூட்டத்துக்கு உங்கள் 'நேசமணி' கொடுத்துவந்தது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஜோக்குக்கு ஒரு வசதி உண்டு. உண்மையைச் சொல்லிவிடலாம், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சிரித்தால் போதும். அவர் இரண்டு மாதமாக உங்களுக்கு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். காசில்லாதவன் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, திருப்பிக் கூப்பிடுகிறார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பான் இல்லையா, அந்த மாதிரி. பழைய ஜோக்குகள் யாரைப் பற்றி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். உங்களைப் பற்றி, வீட்டு ஓனரைப் பற்றி, சிமெண்ட் கடைக்காரரைப் பற்றி இருந்திருக்கும். இப்போது எல்லாமே அவரைப் பற்றி, அவர் இல்லாத நாளைப் பற்றி. நீங்கள் சொல்லும் அந்த 'ஒரு மாதிரி' இதுதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெயின்டர் வந்தார். "டாக்டர், அடுத்த தடவை என்னைப் பார்க்கணும்னா நீங்கதான் மாலையோட வரணும்" என்றார். சிரித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஆம்புலன்ஸில் வந்தார். பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் என்னிடம் சொன்னது: "நான்தான் சொன்னேனே, சார்."

அடுத்தது ரோசம். இங்கே நீங்கள் கொஞ்சம் வருத்தப்படும்படி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ் வேலை கொடுத்து, பழைய சம்பளத்தையும் கொடுத்தது உங்கள் நல்ல மனசு. எத்தனை மேஸ்திரி அப்படிச் செய்வார்? ஆனால் அவர் நிலையில் நின்று பாருங்கள். பதினைந்து வருடமாக "கலவை கொண்டா" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தவர் இன்று கலவை கொண்டுபோய்க் கொடுக்கிறார். தான் தொழில் சொல்லிக் கொடுத்த பையன் சாரத்தின் மேல் நிற்கிறான். சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கும்போது, இதில் எவ்வளவு கூலி, எவ்வளவு தர்மம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? புதுமனை புகுவிழாவில் வேட்டி துண்டு கொடுத்துக் கொத்தனாரை மனையில் உட்கார வைப்பார்களே, அந்த மரியாதையில் வளர்ந்த ஆள். தோள் போனதைவிட அது போனதுதான் அவரைத் தின்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் தோள் உடைந்து நாலு மாதம் வீட்டில் கிடந்தவர் எப்படிச் சாப்பிட்டார்? உங்களிடம் எவ்வளவு அட்வான்ஸ் நிற்கிறது? வெளியில் வட்டிக்கு எவ்வளவு? நிற்கிற பாக்கி உங்கள் கணக்கு நோட்டில் இருந்தால், அவரைப் பொறுத்தவரை நீங்கள் அண்ணன், முதலாளி, கடன் கொடுத்தவர் மூன்றும்தான். உங்களிடம் மனம் விட்டுப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறதா? அதனால் பேச்சின் முதல் வரியாக, "கணக்கு கிடக்கட்டும், அதைப் பத்தி இப்ப பேச்சே இல்ல" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதில் நிற்கவும் வேண்டும்.

எப்படிக் கேட்பது என்றுதானே கேட்டீர்கள். டீக்கடையில் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் கை மாறி டாஸ்மாக் பக்கம் கால் போகிற நேரத்தில் வேண்டவே வேண்டாம். காலையில் ஆட்கள் வருமுன் அவர் க்யூரிங்குக்குத் தண்ணீர் விடும்போது போய் நில்லுங்கள். இன்னொரு ஹோஸை நீங்களும் பிடியுங்கள். எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டால் ஆண்கள் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் நின்று, கண் வேறெங்கோ இருக்கும்போதுதான் பேச்சு வரும். "அன்னைக்குக் கரண்டியைத் தூக்கிக் குடுத்தியே, அதுல இருந்து எனக்கு மனசே சரியில்லடா. நீ பேசுனதுக்கெல்லாம் சிரிச்சேன், அது தப்பு. ராத்திரி தூக்கம் வருதா?" இப்படித் தொடங்குங்கள். உடம்பைப் பற்றிய கேள்விக்கு ரோசக்காரனும் பதில் சொல்வான். பிறகு சுற்றி வளைக்காமல், "செத்துரலாம்னு தோணுதா?" என்று கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பெரும்பாலானவர்களுக்கு, அப்பாடா, ஒருத்தன் கேட்டுவிட்டான் என்றுதான் இருக்கும். முதல் தடவை அவர் ஜோக்கடிப்பார். நீங்கள் சிரிக்காதீர்கள். கோபமும் படாதீர்கள். தண்ணீரை விட்டபடியே சும்மா நில்லுங்கள். அந்த அமைதிதான் வேலை செய்யும்.

ஆமாம் என்று சொன்னால், "பொண்டாட்டி புள்ளைய நினைச்சுப் பாரு" என்று தொடங்கிவிடாதீர்கள். அவர் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பாரம் குறையும் என்ற கணக்கு அவர் தலைக்குள் ஓடுகிறது. அது நோய் போடும் தப்புக் கணக்கு. வாதாடி ஜெயிக்க முடியாது. அன்று முழுக்க அவரைத் தனியே விடாதீர்கள். சாரம் ஏற விடாதீர்கள். குடிக்க விடாதீர்கள். அவர் சம்சாரத்திடம் சொல்லி, வீட்டில் ஆபத்தான எதுவும் கைக்கெட்டும்படி இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். உங்களுக்கு மதுரை இராசாசி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. நிலைமை கையை மீறினால் 108. ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது.

ஏமாற்றிக் கூட்டிப் போவது மட்டும் வேண்டாம். "தோளையும் காட்டுவோம், தூக்கம் வரலங்கிறதையும் சொல்வோம்" என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. ராத்திரி புரண்டு படுத்தால் வலிக்கும் தோள் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மனசு கெடும், மனசு கெட்டால் வலி இரட்டிப்பாகும். ஒன்றரை வருடத்தில் அவர் தோளுக்குச் சரியாகப் பிசியோதெரபி செய்தாரா, கட்டைப் பிரித்ததோடு விட்டுவிட்டாரா என்றும் பார்க்க வேண்டும். மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். அதுவரை 'மாத்திரை வேலை செய்யல' என்று நிறுத்தக் கூடாது. தெளிந்த பிறகும் தானாக நிறுத்தக் கூடாது. மருந்தோடு குடி ஆகாது. சில மருந்துகள் முதலில் கொஞ்சம் மயக்கம் தரும், அதனால் உயரத்தில் நின்று வேலை பார்ப்பவர் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எங்களில் பலர் அதைக் கேட்பதே இல்லை.

அவர் கோழை என்று யாராவது வாயெடுத்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையைச் சொல்லுங்கள். அந்த வருடம் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் 26.4 சதவீதம் தினக்கூலிகள். கட்டட வேலை மட்டுமல்ல, எல்லா நாள்கூலியும் சேர்த்து. நாலில் ஒருவருக்கு மேல். இத்தனை பேரும் கோழைகளா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கட்டடத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இப்படிப் போவதைக் கண்டு 2008-இல் 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சைட்டில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கே பயிற்சி கொடுத்து, யார் முகம் மாறியிருக்கிறது என்று பார்க்க வைத்தார்கள். டாக்டருக்கு முன்னால், கூட வேலை செய்பவன் கண்ணில்தான் அது முதலில் படும். உங்கள் கண்ணில் பட்டது போல.

அவருடைய கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விபத்தில் வந்த முடக்கத்துக்கு உதவி கேட்க வழி உண்டா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். நீங்கள் கூடவே போனால் நல்லது, தனியாகப் போனால் இரண்டாம் தடவை அலைய விட்டதும் திரும்பிவிடுவார்.

வேலையை மாற்றிக் கொடுங்கள். தோளுக்கு மேலே கை தூக்க வேண்டாம், ஆனால் கண்ணும் கணக்கும் வேண்டும் என்கிற வேலை உங்களிடம் இல்லையா? தூக்குக்குண்டு விட்டுச் சுவர் பார்ப்பது, ரசமட்டம் வைத்துத் தளம் பார்ப்பது, கடைக்காலுக்கு நூல் கட்டிக் குறி போடுவது, கான்கிரீட்டுக்கு முன்னால் சென்ட்ரிங் சரிபார்ப்பது. "நீ பார்த்துச் சொல்லாம இந்தச் சுவருக்குப் பூச்சு ஏறாது" என்று ஆட்கள் காதில் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். உங்கள் வேலையும் சுத்தமாகும். இது தர்மம் இல்லை.

கரண்டி அந்தப் பையனிடமே இருக்கட்டும். பிடுங்கித் திருப்பிக் கொடுத்தால் அது ஒரு நாடகமாகிவிடும். வைத்தியம் தொடங்கி அவர் கொஞ்சம் தூங்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பையனையே அவரிடம் போகச் சொல்லுங்கள். "அண்ணே, உங்க கரண்டி என் கைக்கு நிக்க மாட்டேங்குது. பூசையில ஒரு பக்கமா இழுக்குது. எப்படிப் பிடிக்கணும்னு காட்டுங்க."