162-ல் ஒன்று: பேஸ்பால் ரசிகனுக்கு ஒரு சின்னக் கணக்குப் பாடம்



கிரிக்கெட் வெறியர்கள் நிறைந்த நம்ம ஹாஸ்டலில் பேஸ்பால் பார்க்கிற ஆள் அநேகமாக நான் ஒருத்தன்தான். என் டீம் சியாட்டில் மரினர்ஸ். அங்கே சனிக்கிழமை இரவு 7 மணிக்கு ஆட்டம் என்றால் நமக்கு ஞாயிறு காலை 7:30. மெஸ்ஸில் பொங்கல் வாங்கிட்டு வந்து லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தால் பத்து, பத்தரை வரை ஓடும்.

போன வருஷம் அப்படி ஒரு ஞாயிறு. கடைசி இன்னிங்ஸில் தோற்றுப் போனோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த ரூம்மேட், "மச்சி, கொஞ்சம் பேசணும்டா" என்றான். "இப்ப எதுவும் பேசாத, மூட் சரியில்ல" என்று எரிஞ்சு விழுந்தேன். முந்தின நாள் நடந்த கேம்பஸ் இன்டர்வியூவில் அவன் கடைசி ரவுண்டில் வெளியேறியிருந்தான். அது எனக்கு அன்று ராத்திரிதான் தெரிந்தது, அதுவும் வேறொருத்தன் சொல்லி.

அன்னிக்கு யாரிடம் தோற்றோம் என்று இப்போ யோசித்தால் ஞாபகம் வரவில்லை. அவன் முகம் மட்டும் ஞாபகம் இருக்கு. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கணும் என்று நான் உட்கார்ந்து யோசித்தது அதற்குப் பிறகுதான். நீங்கள் எந்த விளையாட்டின் ரசிகராக இருந்தாலும் இது உதவும். ஆனால் இதைக் கற்றுக்கொள்ள பேஸ்பால் மாதிரி நல்ல வகுப்பறை கிடையாது.

முதலில் கணக்கு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 டீம்கள். ஒவ்வொரு டீமும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டம் ஆடும். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். நம்ம ஐபிஎல் லீக் சுற்றில் ஒரு டீமுக்கு 14 ஆட்டம்தான். அங்கே ஒரு தோல்வி என்றால் லீக் சுற்றில் 7 சதவீதம் போச்சு. பேஸ்பாலில் ஒரு ஆட்டம் 0.6 சதவீதம். நான் எரிஞ்சு விழுந்தது அந்த 0.6-க்காகத்தான்!

இப்போ ப்ராபபிலிட்டி பேப்பரில் படித்த பைனாமியலை எடுங்க. ஒரு டீமுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கும் வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். 162 ஆட்டத்தில் சராசரியாக 81 வெற்றி. திட்ட விலக்கம் எவ்வளவு? 162 × ½ × ½ = 40.5. அதன் வர்க்கமூலம் சுமார் 6.4. அதாவது திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, வெறும் அதிர்ஷ்டத்தால் ஒரு வருஷம் 75 வெற்றியும் இன்னொரு வருஷம் 87 வெற்றியும் வரலாம். முதல் வருஷம் "டீமைக் கலைங்கடா" என்போம். இரண்டாவது வருஷம் "என்ன டீம்டா இது!" என்போம். இரண்டும் அதே டீம்தான்.

சின்ன சாம்பிளில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 சதவீத வாய்ப்புள்ள ஒரு அருமையான டீமை எடுத்துக்கோங்க. அடுத்த 10 ஆட்டத்தில் அது 4 அல்லது அதற்குக் குறைவாக ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். கிட்டத்தட்ட ஆறில் ஒரு தடவை. நல்ல டீமுக்கே பத்து நாள் சனி பிடிக்கும் என்பது சாபம் இல்லை, கணக்கு.

பேட்டிங்கும் அப்படித்தான். பத்துக்கு மூன்று முறை ஹிட் அடித்தால், அதாவது 0.300 சராசரி வைத்தால், அவர் நல்ல பேட்டர். 1941-ல் டெட் வில்லியம்ஸ் வைத்த 0.406 இன்னமும் கொண்டாடப்படுகிறது. கொண்டாடுகிற அந்த வருஷத்திலும் பத்துக்கு ஆறு தடவை அவர் தோற்றுத்தான் திரும்பினார்.

தோல்வி மட்டுமா ஏமாற்றும்?

2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 19 வெற்றி, 31 தோல்வி. சீசன் முடிஞ்சது என்று பலர் எழுதிவிட்டார்கள். மீதி 112 ஆட்டத்தில் 74 ஜெயித்து, கடைசியில் வேர்ல்ட் சீரிஸையும் தூக்கினார்கள். எதிரே நின்றது அந்த சீசனில் 107 வெற்றி பெற்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். ஏழு ஆட்டத்திலும் வெளியூர் டீமே ஜெயித்தது. சொந்த மைதானம் ஒருத்தருக்கும் உதவவில்லை.

வெற்றியும் அதே மாதிரி ஏமாற்றும். 2011-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் செப்டம்பர் தொடக்கத்தில் ப்ளேஆஃப் இடத்துக்கான போட்டியில் 9 ஆட்டம் முன்னிலையில் இருந்தது. அந்த மாதம் 7 வெற்றி, 20 தோல்வி. சீசனின் கடைசி இரவில் வெளியே போனார்கள்.

என் டீம் கதை இன்னும் கொடுமை. 2001-ல் மரினர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. 1906-ல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனைக்குச் சமம். அந்தப் பொன்னான வருஷத்திலேயே, ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லேண்டுக்கு எதிராக 14-2 என்று முன்னிலை வகித்த ஆட்டத்தை 11 இன்னிங்ஸில் 15-14 என்று தோற்றது. ப்ளேஆஃப்பில் நியூயார்க் யாங்கீஸ் 4-1 என்று வெளியே அனுப்பியது. 2025 சீசன் வரை மரினர்ஸ் ஒரு வேர்ல்ட் சீரிஸ்கூட ஆடியதில்லை.

இதுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் 55 சதவீத வாய்ப்புள்ள டீம், ஏழு ஆட்டத் தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு 61 சதவீதம்தான். பத்தில் நாலு தடவை "பலவீனமான" டீம் கோப்பைப் பக்கம் போகும். கோப்பை கிடைக்காததால் அந்த 116 வெற்றியும் வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆறு மாதமும் காலையில் எழுந்து ஸ்கோர் பார்த்தவனுக்கு அது சந்தோஷம்தானே?

பழி யார் மேல?

நிதானம் தவறினால் நஷ்டம் நம்மோடு முடிவதில்லை. 2003 அக்டோபர் 14, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு. 1945-க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸ் போக கப்ஸுக்கு இன்னும் ஐந்து அவுட்தான் தேவை. ஸ்கோர் 3-0. ஒரு ஃபவுல் பந்து கேலரி ஓரமாக வந்தது. பல ரசிகர்கள் கை நீட்டினார்கள். ஒருவர் கையில் பட்டது. கப்ஸ் ஃபீல்டரால் பிடிக்க முடியவில்லை.

அதே இன்னிங்ஸில் ஃப்ளோரிடா மார்லின்ஸ் 8 ரன் அடித்தது. யோசிச்சுப் பாருங்க: ஒரு கை பட்டதால் 8 ரன் வருமா? டபுள் ப்ளேக்கு வந்த சுலபமான பந்தை ஷார்ட்ஸ்டாப் நழுவ விட்டார். பந்துவீச்சு நிலைகுலைந்தது. மறுநாள் ஏழாவது ஆட்டம் மீதி இருந்தது, அதையும் கப்ஸ்தான் தோற்றது. ஆனால் அரங்கம் முழுக்க அந்த ஒரு ரசிகர் மேல் பாய்ந்தது. பாதுகாவலர்கள் அவரை வெளியே கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். அவரும் கப்ஸ் ரசிகர்தான், நம்மை மாதிரி பந்தைப் பார்த்துக் கை நீட்டியவர்தான். பல வருஷம் பொது வெளியில் தலை காட்டாமல் வாழ்ந்தார். கப்ஸ் 2016-ல் சாம்பியன் ஆன பிறகு, 2017-ல் நிர்வாகம் அவருக்கும் ஒரு சாம்பியன்ஷிப் மோதிரம் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் நடுவில் போன 14 வருஷத்தை யார் திருப்பித் தருவது?

நான் பழகிக்கொண்ட நாலு விஷயம்

1. தினமும் பார்க்கலாம், தினமும் தீர்ப்பு எழுதக் கூடாது. பாயிண்ட்ஸ் டேபிளை மாதத்துக்கு ஒரு தடவைதான் திறக்கிறேன். 50 ஆட்டமே ஏமாற்றும் என்று நேஷனல்ஸ் காட்டிவிட்டது.

2. முடிவையும் ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்கணும். பளார் என்று அடித்த பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போனால் அவுட். மட்டையின் ஓரத்தில் பட்டு மெதுவாக விழுந்தால் ஹிட். ஸ்கோர் போர்டுக்கு வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரியணும்.

3. ஒருத்தர் பெயரைச் சொல்லித் திட்டத் தோன்றினால், அதே ஆட்டத்தில் நடந்த வேறு மூன்று தவறுகளை எழுதிப் பார்ப்பேன். பெரும்பாலும் மூன்றாவதை எழுதும்போது கோபம் இறங்கிவிடும்.

4. ஆட்டம் முடிந்ததும் லேப்டாப்பை மூடிட்டு, ரூமில் இருப்பவனிடம் "என்னடா, சாப்பிட்டியா?" என்று கேட்பேன். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி.

அப்போ உணர்ச்சியே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. 2016-ல் கப்ஸ் கோப்பை ஜெயித்தது 108 வருஷத்துக்குப் பிறகு. கடைசி ஆட்டம் 10 இன்னிங்ஸ், 8-7. அந்த நாட்களில் ரசிகர்கள் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவரில் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள். நிறையப் பேர் எழுதியது ஆட்டக்காரர்கள் பெயரை இல்லை. இந்த நாளைப் பார்க்காமலே போய்விட்ட தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா பெயர்களை. கோப்பை வந்த நேரத்தில் அவர்களுக்கு ஞாபகம் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பார்த்தவர்கள்தான்.

ரூம்மேட்டிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவனுக்கு அடுத்த மாதமே வேறு இடத்தில் வேலை கிடைத்தது. ஞாயிறு காலை இப்போ ரெண்டு பொங்கல் வாங்குகிறேன். ஃபவுலுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னமும் அவனுக்குப் புரியவில்லை. தோற்றால் மட்டும், "இன்னும் எத்தனை ஆட்டம்டா பாக்கி இருக்கு?" என்று சரியாகக் கேட்டுவிடுகிறான்.