யானைக்கால்: இருவரும் சேர்ந்து கவனியுங்கள்



மருமகளுக்குக் கால் வீங்கினால், "பொறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம்" என்று குத்திப் பேசுகிறவர்கள் உண்டு. அது தவறு. யானைக்கால் பரம்பரை நோய் அல்ல. ஒரே பாயில் படுப்பதால் ஒட்டவும் ஒட்டாது. சாக்கடையிலும் கக்கூஸ் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு மாதக்கணக்கில் கடித்துக் கடித்துத்தான் நூல் போன்ற புழு உடலில் சேருகிறது. சின்ன வயசில் நுழைந்த புழு, கால் வீக்கமாகத் தெரிய பல வருஷம் ஆகும்.

இதன் குஞ்சுப்புழு ராத்திரியில்தான் இரத்தத்தில் ஓடும். அதனால்தான் இரவில் வந்து விரலில் ஊசி குத்துகிறார்கள். கோபிக்காதீர்கள். கிருமி இருந்தால் டி.இ.சி. மாத்திரையை எடைக்குத் தக்கபடி 12 நாள் கொடுப்பார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்போது இதைச் சாப்பிடக் கூடாது.

"மாத்திரை தின்னேன், வீக்கம் வத்தலையே?" என்பீர்கள். பெருத்துப்போன காலை மாத்திரை மட்டும் பழையபடி ஆக்காது. கால் மேலும் பெருப்பதற்குக் காரணம் அடிக்கடி வரும் நெறிகட்டிய காய்ச்சல். விரலிடுக்கு வெடிப்பில் வேறு கிருமி புகுந்து அதை உண்டாக்குகிறது. அதைத் தடுக்க விலையுயர்ந்த மருந்து வேண்டாம். தினமும் சாதாரண சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டு, மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் மெதுவாகக் கழுவுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்; ஈரம் நிற்கக் கூடாது. வீங்கிய காலோடு குனிந்து விரலைத் தொட மனைவியால் முடியாது. கணவர்தான் கழுவிவிட வேண்டும். இதில் என்ன வெட்கம்? உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வையுங்கள். வயலுக்குப் போகும்போது செருப்பு போடுங்கள்.

காய்ச்சல் கண்டால் சூடு போடுவது, பச்சிலை அரைத்துக் கட்டுவது கூடவே கூடாது. ஈரத்துணி போட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இதே புழுவால் விரைவீக்கமும் வரும். பெண்சாதியிடம்கூடச் சொல்லாமல் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு திரிகிறவர்கள் பலர். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து இதைச் சரிப்படுத்தலாம். இது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் அல்ல, வேறு. குழப்பிக்கொண்டு பயப்படாமல் மனைவியையும் அழைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.