உறுமல் திரும்பியது: கொண்டாடலாமா?

கேள்வி: ஸ்வீடனின் ஓபெத் குழு மறுபடி கடுமையான இசைக்குப் போனதை நண்பர்கள் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். உங்கள் கட்சி எது?
– வாசகர், அடி அண்ணாமலை

பதில்: 2008-இல் வந்த 'வாட்டர்ஷெட்' ஆல்பத்துக்குப் பிறகு, குழுவின் பாடகர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் உறுமிப் பாடுவதை மூட்டை கட்டி வைத்துவிட்டார். 2011-இன் 'ஹெரிடேஜ்' முதல் எல்லாம் எழுபதுகளின் ராக் வாசனை. பழைய ரசிகர்கள் பல ஆண்டு முணுமுணுத்தார்கள். 2024 நவம்பரில் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' உறுமலோடு வந்ததும் அவர்களுக்குத் தீபாவளி. நடுவில் சேர்ந்தவர்களுக்கோ காது வலி.

இரு தரப்பும் உறுமலை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது என் புகார். இந்தப் புதிய ஆல்பத்தின் கதை இதுதான்: முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம், இறந்துபோன ஒரு பணக்காரத் தந்தை, அவருடைய உயிலுக்காகக் கூடிய பிள்ளைகள். கடைசிப் பாட்டைத் தவிர மற்றவற்றுக்குப் பெயரே இல்லை, உயிலின் பத்தி எண்தான். செத்த பிறகும் வீட்டை மிரட்டும் மனிதருக்கு மெல்லிய குரல் பொருந்துமா? உங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் கொஞ்சிப் பேசினால் யார் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்?

ஆனால் பழைய ஓபெத் திரும்பிவிட்டது என்பதும் மிகை. எழுபதுகளின் ராக் குழுவான ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் இதில் புல்லாங்குழல் வாசிக்கிறார், உயிலும் படிக்கிறார். எழுபதுகள் எங்கும் போய்விடவில்லை. பெங்களூரின் அகம் குழுவில் கர்நாடக கீர்த்தனையும் கிடாரும் மோதுவதைக் கேட்டுப் பழகியவருக்கு இந்தக் கலவை அந்நியமாக இருக்காது.

நான் கொண்டாடும் கட்சி. திட்டுகிற நண்பரிடம் உறுமலே இல்லாத அந்தக் கடைசிப் பாட்டை முதலில் போட்டுக் காட்டுங்கள்.