நுண்ணுயிர்க்கொல்லியும் பெருங்குடல் அழற்சியும்

மாணவர்களே, "அமொக்சிலின் குடித்தபின் சிலருக்கு வயிற்றோட்டம் வருவது ஏன்?" என்று வகுப்பில் கேட்டால், "மருந்துச் சூடு" என்றே பலரும் சொல்வார்கள். பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடையாது. காரணம் வேறு.

எமது பெருங்குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் தீங்கின்றி வாழ்கின்றன. இடத்தையும் உணவையும் இவை பிடித்துக்கொள்வதால், தீங்கான இனங்கள் பெருக வழியில்லை. நுண்ணுயிர்க்கொல்லி நோயாக்கியை மாத்திரம் தேடிக் கொல்வதில்லை, இவற்றையும் அழிக்கிறது. அப்போது மருந்துக்குத் தப்பிய இனம் தடையின்றிப் பெருகும். பெரும்பாலானோருக்கு இலேசான வயிற்றோட்டத்துடன் இது நின்றுவிடும். ஆனால் தப்பிய இனம் தொட்சினைச் சுரப்பதாயின், குடற்சுவரின் கலங்கள் சேதமடைந்து அழற்சி ஏற்படும்.

இவ்வாறான பற்றீரியாக்களுள் முதன்மையானது குளொஸ்திரிடியோயிடிஸ் டிபிசில். நுண்ணுயிர்க்கொல்லியால் வரும் கடும் அழற்சிக்கு இதுவே காரணம் என்பது 1978 இல் தெரியவந்தது. இதன் வித்திகளை அற்ககோல் கொல்லாது. எனவே கைகளைச் சவர்க்காரமிட்டு நீரில் கழுவவேண்டும். (இதைக் காரணத்துடன் எழுதிப் பழகுங்கள்.)

இரத்தப்போக்குடன் வரும் வகை இதனிலும் வேறானது. 2006 இல் ஒஸ்திரிய ஆய்வாளர்கள், பெனிசிலின் வகை மருந்து எடுத்தபின் இரத்தம் கலந்து மலம் கழித்த, முதற்கூறிய பற்றீரியா காணப்படாத 6 நோயாளரை ஆராய்ந்தனர். 5 பேரில் கிளெப்சியல்லா ஒக்சிற்றோக்கா இருந்தது. இது அமொக்சிலினுக்கு இயல்பாகவே எதிர்ப்புடையது. பின்னர் எலிகளில் பரிசோதித்தபோது, இப்பற்றீரியாவும் அமொக்சிலின் கலந்த மருந்தும் சேர்ந்து கொடுக்கப்பட்டவற்றில் மட்டுமே குடலில் இரத்தம் கசிந்தது. மருந்து தனியே குற்றவாளியல்ல, பற்றீரியாவும் தனியே அல்ல என்பதை இப்பரிசோதனை காட்டுகிறது. எனக்குப் பிடித்த உதாரணம் இது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை பற்றிய வினாவுக்கும் உதவும்.

தடிமன் வைரஸால் வருவது. அதற்கு வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசையை எடுத்துக் குடித்தால் தடிமன் மாறாது, குடற் பற்றீரியாக்கள்தான் அழியும். மருந்து எடுக்கும் நாட்களிலோ, முடித்துச் சில கிழமைகளுக்குள்ளோ மலத்தில் இரத்தம் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பாமசியில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை வாங்கிப் போடவும் வேண்டாம். வீட்டாரிடம் சொல்லி அன்றே வைத்தியரிடம் சென்று, குடித்த மருந்தின் உறையைக் காட்டுங்கள். மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை அவர் தீர்மானிப்பார்.

பயிற்சி வினா: மேற்கூறிய எலிப் பரிசோதனையில், மருந்து மாத்திரம் கொடுக்கப்படும் ஒரு தொகுதி ஏன் அவசியம்? (2 புள்ளிகள்)