சுபேதார் சுப்பிரமணியன்: பெயர் சொல்லி நினைப்போம்



நவம்பர் மாதம் பிறந்ததும் நம் பிள்ளைகள் சட்டையிலே செந்நிறப் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு பாடசாலைக்குச் செல்கின்றனர். போர்களில் மாண்டவர்களை 11ஆம் திகதி இந்நாடு நினைவுகூர்கின்றது. "அந்தப் போரில் நம்மவர் யாரேனும் இருந்தார்களா?" என்று பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? அதற்கு உதவியாக ஒரு தமிழரின் வரலாற்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

காஞ்சிபுரம் பகுதியிலுள்ள கீழ் ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் சுப்பிரமணியன். அவர் சேர்ந்தது மதராஸ் சப்பர்ஸ் அன்ட் மைனர்ஸ் எனப்படும் பொறியியற் படை. 1780இல் தோன்றிய இப்படையினரை மற்றப் படையினர் இன்றும் 'தம்பிகள்' என்றே அழைப்பர். பாதை வெட்டுதல், பாலம் அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை இவர்களின் பணிகள். பிறர் உயிரோடு நடந்து செல்லத் தாம் முதலில் ஆபத்தினுள் நடப்பவர்கள் இவர்கள்.

1944ஆம் ஆண்டு தொடக்கத்தில் இத்தாலியின் காசினோ மலைப்பகுதியில் கடும் போர் நடந்தது. நான்காம் இந்தியப் படைப்பிரிவு அங்கே போரிட்டது. சுபேதார் சுப்பிரமணியன் அப்பிரிவின் 11ஆம் பீல்ட் பார்க் கொம்பனியில் இருந்தார். பெப்ரவரி 24ஆம் நாள் மின்யானோ என்னும் இடத்தில் கண்ணிவெடிகளிடையே வழி திறக்கும் வேலை நடந்தது. அப்போது அவருடைய குழுவைச் சேர்ந்த ஒருவரின் கால் ஒரு வெடியின்மீது பட்டுவிட்டது.

அது ஜெர்மானியரின் 'எஸ்' கண்ணிவெடி. இவ்வகை வெடி மிதித்தவுடன் வெடிப்பதில்லை. ஏறக்குறைய நான்கு வினாடி கழித்து, நிலத்திலிருந்து இடுப்பளவு உயர எழும்பி வெடித்து, நூற்றுக்கணக்கான உருக்குக் குண்டுகளை நாற்புறமும் சிதறும். அந்தச் சில வினாடிகளுக்குள் சுபேதார் அவ்வெடியின்மேல் விழுந்து அதைத் தம் உடலால் மூடினார். உடனிருந்தோர் பிழைத்தனர், அவர் உயிர் நீத்தார்.

அவ்வாண்டு ஜூன் 30இல் அவருக்கு ஜோர்ஜ் குறோஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது. இலண்டன் மாநகரம் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த 1940 செப்டெம்பரில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஏற்படுத்திய விருது இது. எதிரியோடு நேருக்குநேர் பொருதுவதில் அன்றி, வேறு ஆபத்துகளில் காட்டும் மிக உயர்ந்த துணிவுக்கு இது வழங்கப்படுகின்றது. நம்மவர் பெற்ற இவ்விருது, உயிர் எடுத்ததற்காக அன்றி உயிர் காத்ததற்காகக் கிடைத்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். அது வெள்ளையர் ஆட்சிக்காலப் போர் அல்லவா? நம்முள் பலருக்குச் சீருடையைக் கண்டாலே துயர நினைவுகள் வருமல்லவா? உண்மைதான். அத்துயரை மறைத்துப் பிள்ளைகளுக்குப் போரைப் புகழ்ந்து கற்பிக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் இருபத்தைந்து இலட்சம் பேர் இந்தியப் படையில் இருந்தனர். அவர்களுள் 87,000 பேருக்கு மேல் மாண்டனர். எவருடைய ஆட்சிக்காகச் சென்றார்கள் என்று ஆராயும்போதும், அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தாயின் பிள்ளை என்பதை மறத்தலாகாது.

நம் முன்னோர் இறந்த வீரனுக்கு நடுகல் எடுத்தனர். கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் வரை அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியம் கூறுகின்றது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்து நடுகற்கள் இவ்வழக்கின் பழமையைக் காட்டுகின்றன. இன்னார், இன்ன ஊரார், இன்னது செய்து மாண்டார் என்று எழுதி வைப்பதே அதன் உயிர்.

அத்தகைய கல் இலண்டனிலும் உண்டு. ஹைட் பார்க் கோணர் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், கொன்ஸ்ரிரியூஷன் ஹில் வீதியில் நான்கு கற்றூண்களைக் காணலாம். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை, நேபாளம், ஆபிரிக்கா, கரிபியன் நாடுகளின் படையினர் நினைவாக 2002 நவம்பர் 6இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் திறந்துவைத்த நினைவு வாயில் அது. அருகிலுள்ள சிறு மண்டபத்தின் உட்கூரையில் உயர் விருது பெற்றோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே அண்ணாந்து பார்த்துச் சுப்பிரமணியன் என்ற பெயரைப் பிள்ளைகள் தேடட்டும். தேவர்களின் சேனாபதியாக நாம் வணங்கும் பெருமானின் திருநாமமும் அதுவே என்று பெற்றோர் சொல்லிக் கொடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு:

1. 'எஸ்' கண்ணிவெடி எவ்வாறு வெடிக்கும்? அவ்விடத்தில் சுபேதார் செய்தது என்ன?

2. நடுகல்லில் என்னென்ன எழுத வேண்டும்?

3. உங்கள் குடும்பத்தில் அல்லது ஊரில் படையிலோ, மருத்துவப் பணியிலோ, கப்பலிலோ போர்க்காலத்தில் பணிபுரிந்தவர் எவரேனும் உண்டா? தாத்தா பாட்டியிடம் கேட்டு, பெயர், ஊர், செய்த பணி ஆகியவற்றைத் தமிழில் நான்கு வரி எழுதுங்கள். இவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர். ஆகையால் இந்தக் கிழமையே கேளுங்கள்.